வாசகனைக் கைப்பற்றும் பிரதி: வீடியோ கோடெக்கின் ஓட்டைகள் குறித்து

1

பிரதிக்கு அர்த்தம் தருபவன் வாசகனே என்கிற பேச்சு எண்பதுகளில் அமைப்பியலோடு தமிழுக்குள் நுழைந்தது. தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைப் பக்கங்களில் ஆசிரியன் பலமுறை செத்தான். வாசகன் பலமுறை பிறந்தான். அந்த விவாதங்களில் வாசகன் பெரும்பாலும் பத்திரமான ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தான். பிரதியை அவன் கட்டவிழ்க்கலாம், குலைக்கலாம், மாற்றி அடுக்கலாம். பிரதி அவனைத் திருப்பி என்ன செய்துவிடும்? மிஞ்சிப் போனால் மனசை மாற்றும். வாசிப்பவனின் உடம்புக்குள்ளேயே புகுந்து, அவன் கண்ணையும் காதையும் எடுத்துக்கொண்டு, தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிற பிரதி ஒன்று உண்டென்றால்? இலக்கியத்தில் இது உருவகம். கணினியில் உருவகமே கிடையாது. பைட் பைட்டாக நடக்கிற காரியம். வீடியோ கோடெக்குகளிலும் அவற்றின் பங்காளிகளிலும் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை இந்தக் கோணத்தில் விளக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், கோடெக் என்றால் என்ன? கோடர், டீகோடர் என்ற இரண்டு சொற்களை வெட்டி ஒட்டிய பெயர். ஒன்று சுருக்கி எழுதுகிறது, மற்றது விரித்து வாசிக்கிறது. ஏன் சுருக்க வேண்டும்? 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை அப்படியே எழுதி வைத்தால், புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 62 லட்சம் பைட்டுக்குமேல் ஆகும். வினாடிக்கு 25 படம். இரண்டரை மணி நேர சினிமாவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 1.4 லட்சம் கோடி பைட். இதை எந்தக் கம்பியில் அனுப்புவது, எந்தத் தட்டில் வைப்பது?

ஆகவே கோடர் ஒரு தந்திரம் செய்கிறது. ஒருவர் சுவர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். சுவர் அப்படியேதான் இருக்கிறது. வாயும் கையும் மட்டும் அசைகின்றன. அப்புறம் ஏன் சுவரைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும்? 'போன படத்தில் இருந்த இந்தக் கட்டத்தை எடு, நாலு புள்ளி வலது பக்கம் தள்ளி வை, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு' என்று எழுதினால் போதும். ஆக, வீடியோ ஃபைலுக்குள் படங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதாக நாம் நினைப்பது தவறு. அதற்குள் கிடப்பவை பெரும்பாலும் கட்டளைகள். இவ்வளவு இடம் ஒதுக்கு, அங்கிருந்து எடு, இங்கே வை என்கிற கட்டளைகள். டீகோடர் அவற்றை ஒவ்வொன்றாக நிறைவேற்றுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் சினிமா, அந்தக் கீழ்ப்படிதலின் விளைவு.

இன்னொரு சேதியையும் இங்கே கவனிக்க வேண்டும். எம்பெக் குடும்பத்துத் தரநிலைகள், வீடியோவை எப்படிச் சுருக்கி எழுத வேண்டும் என்று வரையறுப்பதில்லை. எழுதியதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதைத்தான் வரையறுக்கின்றன. எழுதுகிறவனுக்குச் சுதந்திரம், வாசிக்கிறவனுக்கு விதி. சாமர்த்தியத்தையெல்லாம் கோடர் வைத்துக்கொள்ளலாம். டீகோடர் ஒழுங்காக, வேகமாக, கேள்வி கேட்காமல் வாசித்தாக வேண்டும். விதிப்படி எழுதப்பட்ட பிரதியை எப்படி வாசிப்பது என்று பக்கம் பக்கமாகச் சொல்கிற தரநிலைகள், வேண்டுமென்றே பொய்யாக எழுதப்பட்ட பிரதியை என்ன செய்வது என்பது பற்றி அதிகம் பேசுவதில்லை. பொய் எழுதுகிறவனைப் பற்றி யோசிக்க வேண்டிய பொறுப்பு, டீகோடரை எழுதும் நிரலாளர் தலையில் விழுகிறது.

2

ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் வீடியோவையும் ஒலியையும் வாசிப்பதற்கென்று சி++ மொழியில் எழுதப்பட்ட நிரல் தொகுதிக்கு ஸ்டேஜ்ஃபிரைட் என்று பெயர். மேடை நடுக்கம் என்று அர்த்தம். பெயர் வைத்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்க வேண்டும். 2015-இல் ஜிம்பீரியம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோஷுவா டிரேக் இந்தத் தொகுதியில் பல ஓட்டைகளைக் கண்டுபிடித்துக் கூகுளுக்குச் சொன்னார். ஜூலை மாதக் கடைசியில் விஷயம் வெளியே வந்தது. ஆண்ட்ராய்டு சாதனங்களில் 95 சதவீதம், அதாவது சுமார் 95 கோடி சாதனங்கள், இந்த ஓட்டைகளோடு இருக்கின்றன என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்த ஓட்டைகள் இருந்தது, கறாராகச் சொன்னால், கோடெக்கில் அல்ல. அதற்கு ஒரு படி முந்தி. எம்பி4 என்பது ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பெட்டிகள்: படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, வசன எழுத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் இரண்டு விஷயம் எழுதியிருக்கும்: நான் எவ்வளவு பெரியவன், நான் என்ன வகை. வாசிக்கிற நிரல் இந்த முகப்பைப் பார்த்து அந்த அளவுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கி, உள்ளே இருப்பதை அங்கே கொட்டுகிறது. கோடெக்குக்கு வேலை அதற்குப் பிறகுதான்.

கவனியுங்கள்: தன் அளவைத் தானே சொல்லிக்கொள்கிறது பிரதி. வாசகன் அதை நம்புகிறான்.

ஓட்டைகளில் ஒன்று வசன எழுத்துப் பெட்டியில் இருந்தது. ஒரு ஃபைலுக்குள் இப்படிப் பல எழுத்துப் பெட்டிகள் வரலாம். புதுப் பெட்டி வரும்போது நிரல் என்ன செய்யும்? ஏற்கனவே வாசித்ததன் அளவையும் புதிதாக வந்ததன் அளவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு இடம் ஒதுக்கி, முதலில் பழையதையும் பிறகு புதியதையும் அதில் கொட்டும். பள்ளிக்கூடத்துக் கூட்டல்தான், இதில் என்ன தப்பு வரும் என்று தோன்றும். ஆனால் 32 பிட் கணினியில் எண்களுக்கு ஒரு கூரை உண்டு. 4,294,967,295-க்கு மேல் போனால் ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000 ஆவது மாதிரி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். பழைய எழுத்து 100 பைட் என்று வைத்துக்கொள்வோம். புதுப் பெட்டி தன் அளவு 4,294,967,250 என்று சொல்கிறது. சுத்தப் பொய். கூட்டிப் பார்த்தால் 54 வருகிறது. நிரல் 54 பைட் இடத்தை ஒதுக்கிவிட்டு, அதற்குள் முதலில் அந்த 100 பைட்டைக் கொட்டுகிறது. மீதி 46 பைட் எங்கே போகும்? பக்கத்து வீட்டுக்குள்தான்.

நினைவகத்தில் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே படத்தின் நிறங்கள் கிடந்தால் படம் கெடும். 'அடுத்து இந்த இடத்துக்குப் போய் அங்கே எழுதியிருப்பதைச் செய்' என்று நிரல் தனக்காக எழுதி வைத்திருக்கும் முகவரி கிடந்தால்? வழிந்தோடிய பைட்டுகள் அதன்மேல் எழுதிவிடுகின்றன. அந்தப் பைட்டுகளைத் தேர்ந்தெடுத்தவன் ஃபைலை அனுப்பியவன். நிரல் விசுவாசமாக அவன் சொன்ன இடத்துக்குப் போகிறது. இந்தக் கணத்தில் வாசகன் பிரதியின் ஆள் ஆகிவிடுகிறான். அன்றைய ஆண்ட்ராய்டில் இந்த வாசிப்பைச் செய்த நிரலுக்குக் கேமராவையும் மைக்கையும் தொடுகிற உரிமை இருந்தது. வாசகனைப் பிடித்தால் அவன் உரிமைகளும் சேர்ந்தே வரும்.

கூகுள் தன் மூல நிரலில் இரண்டு நாட்களுக்குள் திருத்தங்களைச் சேர்த்துவிட்டது. இந்த எழுத்துப் பெட்டிக்கான திருத்தம் நாலே வரி: கூட்டினால் கூரையைத் தாண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்கிற சோதனை. ஆகஸ்ட் 13 அன்று எக்ஸோடஸ் இன்டெலிஜன்ஸ் என்ற நிறுவனம் அந்தச் சோதனையிலும் ஓட்டை இருப்பதைக் காட்டியது. எம்பி4 விதிப்படி பெட்டியின் அளவை 64 பிட் எண்ணாகவும் எழுதலாம். அவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தால் சோதனைக்காகச் செய்த கழித்தலே தலைகீழாகிப் 'பாதுகாப்பானது' என்று பதில் சொன்னது. நம்பிக்கையைச் சோதிக்கப் போன வரியும் பிரதி சொன்ன எண்ணை நம்பித்தான் கணக்குப் போட்டது.

இதை யாரோ ஒரு நிரலாளரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடலாம். முடியாது என்பதற்குக் காரணம், அதே வகைத் தவறு ஒரே தொகுதிக்குள் அடுத்தடுத்துக் கிடந்ததுதான். வீடியோ வாசிப்பில் வேகம்தான் எல்லாம். 25-இல் ஒரு பங்கு வினாடிக்குள் ஒரு படம் விரிந்தாக வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி 'நீ உண்மையா?' என்று கேட்டால் படம் திக்கும், பேட்டரி தீரும். அதனால்தான் கேட்காமல் வாசிக்கிற சி, சி++, அசெம்பிளி மொழிகளில் இவை எழுதப்பட்டன. சந்தேகம் இங்கே ஒரு செலவு. செலவு மிச்சம் பிடிக்கப்பட்டது; ஓட்டை அந்த மிச்சத்தின் மறுபக்கம்.

3

சரி, சந்தேகமான ஃபைலைத் திறக்காமல் இருந்தால் போதாதா? போதாது. ஸ்டேஜ்ஃபிரைட் விஷயத்தில் பீதியைக் கிளப்பியது இதுதான். எம்எம்எஸ் வழியாக வந்த வீடியோவைச் சில செயலிகள், நாம் பார்ப்பதற்கு முன்பாகவே தரவிறக்கி, வாசித்துத் தயாராக வைத்தன. உங்கள் செல்பேசி எண் தெரிந்தால் போதும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் சார்பில் வாசிப்பு நடந்து முடிந்திருக்கும்.

வாசிப்பு என்பது தனிமனிதச் செயல், அந்தரங்கமானது என்று நாம் பேசிவந்திருக்கிறோம். இன்றைய செல்பேசியில் மனிதன் கடைசி வாசகன். அவனுக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கிறது: சின்னப் படம் தயாரிப்பவன், வகை கண்டுபிடிப்பவன், பெட்டி பிரிப்பவன், விரிப்பவன். யாரும் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. நம் வசதிக்காக என்றுதான் சொல்கிறார்கள். வசதி என்ற பெயரில் ஒப்புதல் கைமாறிவிடுகிறது.

இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை 2021-இல் உலகம் பார்த்தது. செப்டம்பர் 13 அன்று கனடாவின் சிட்டிசன் லேப், சவூதி செயல்பாட்டாளர் ஒருவரின் ஐபோனில் ஒரு தாக்குதலைக் கண்டெடுத்ததாக அறிவித்தது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருளை உள்ளே இறக்கப் பயன்பட்ட வழி அது. ஆப்பிள் அன்றே திருத்தம் வெளியிட்டது. வந்த ஃபைல்களின் பெயர் 'ஜிஃப்' என்று முடிந்தது. ஆனால் பெயரைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்த்து வகையை முடிவுசெய்வது அந்த வாசகனின் பழக்கம். உள்ளே இருந்தது பிடிஎஃப். அதற்குள் ஜேபிக்2 என்ற படச் சுருக்கம். இது வீடியோ கோடெக்கின் ஒன்றுவிட்ட சகோதரன். ஸ்கேனர், ஃபேக்ஸ் காலத்துக் கறுப்பு வெள்ளைத் தாள்களைச் சுருக்குவதற்காக 2000-இல் தரநிலை ஆனது. ஓட்டை அதே பழைய ஓட்டைதான்: கூட்டலில் கூரையைத் தாண்டும் எண்.

புதிதாக இருந்தது அதற்கப்புறம் நடந்தது. ஜேபிக்2-வில் இரண்டு படத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, 'இரண்டிலும் கறுப்பாக இருந்தால் கறுப்பு', 'ஏதாவது ஒன்றில் இருந்தால் கறுப்பு' என்றெல்லாம் சேர்க்கச் சொல்லும் கட்டளைகள் உண்டு. கணினியின் அடிப்படைத் தர்க்கமும் இதுவேதான். தாக்கியவர்கள் இப்படிப்பட்ட 70,000-க்கும் மேற்பட்ட கட்டளைகளை அடுக்கி, படத்தை விரிக்கிற நிரலுக்குள்ளேயே கூட்டவும் ஒப்பிடவும் தெரிந்த ஒரு சின்னக் கணினியைக் கட்டியிருந்தார்கள். கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு அந்த டிசம்பரில் இதைப் பிரித்துக் காட்டியது. தாள்களைச் சுருக்கப் பிறந்த ஒரு மொழி, தன்னை வாசித்தவனுக்குள் தன் சொந்த இயந்திரத்தை நிறுவிக்கொண்டது.

இதைத் தொழில்நுட்ப அதிசயமாக மட்டும் பார்ப்பவர்கள், இது யார் கையில் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். என்எஸ்ஓ தன் மென்பொருளை அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லிவந்த நிறுவனம். 2021 ஜூலையில் பல நாட்டுப் பத்திரிகைகள் சேர்ந்து வெளியிட்ட செய்திகளில், குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்று சொல்லப்பட்ட எண்களில் இந்தியப் பத்திரிகையாளர்கள், செயல்பாட்டாளர்கள், எதிர்க்கட்சித் தலைவர்களின் எண்களும் இருந்தன. அந்த அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 2022 ஆகஸ்டில், பரிசோதித்த 29 செல்பேசிகளில் ஐந்தில் ஏதோ தீங்கு மென்பொருள் இருந்தது, ஆனால் அது பெகாசஸ்தான் என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை என்பதும், அரசு குழுவோடு ஒத்துழைக்கவில்லை என்பதும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டன. மேசைக்குமேல் கேமரா வைத்துக் கண்காணிக்கும் அதிகாரத்தைப் பற்றி ஃபூக்கோவை வைத்துக்கொண்டு நிறையப் பேசியாகிவிட்டது. அங்கே கைதிக்குக் கோபுரமாவது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே நம் சட்டைப்பையில் இருக்கும் வாசகனே கோபுரம் ஆகிறான். அவன் மாறியது நமக்குத் தெரிவதேயில்லை.

4

நிஜமான வீடியோ கோடெக் ஒன்றைப் பார்ப்போம். 2023 செப்டம்பரில் விபி8 கோடெக்கை எழுதி வாசிக்கும் லிப்விபிஎக்ஸ் தொகுதியில், சுருக்குகிற பக்கத்தில், ஒதுக்கிய இடம் வழியும் ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. உளவு மென்பொருள் விற்கும் ஒரு வியாபாரி அதை ஏற்கனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் குரோம் உலாவிக்குத் திருத்தம் வந்தது. விபி8-க்குப் பின்னால் விபி9, ஏவி1 என்று வாரிசுகள் வந்துவிட்டன. ஆனாலும் உலாவி வழி வீடியோ உரையாடலுக்கான விதிகளில் அதற்கு இடம் இருப்பதால், அது எல்லா உலாவியிலும் குடியிருந்தது. கோடெக்குகள் ஓய்வு பெறுவதில்லை. யாரோ எங்கோ பழைய ஃபைலை வைத்திருப்பார்கள்.

இந்த நீண்ட ஆயுள் 2025-இல் ஒரு சண்டையாக வெடித்தது. ஃபாப்ரிஸ் பெலார் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்கிற திறந்த மூல நிரல் தொகுதி, நூற்றுக்கணக்கான கோடெக்குகளை வாசிக்கத் தெரிந்தது. பெரிய நிறுவனங்களின் வீடியோ வேலைகள் பலவும் இதன் தோள்மேல்தான் நடக்கின்றன. இதைப் பராமரிப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். கூகுளின் 'பிக் ஸ்லீப்' என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி இதற்குள் தேடி, லூகாஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்மஷ் கோடெக்கை வாசிக்கும் பகுதியில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது: திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தில் மறுபடி எழுதுகிற தவறு. ஸ்மஷ் எதற்குப் பயன்பட்டது? 1995-இல் வந்த 'ரெபல் அசால்ட் 2' போன்ற கணினி விளையாட்டுகளின் வீடியோவுக்கு.

எஃப்எஃப்எம்பெக் ஆட்கள் ஓட்டையை அடைத்தார்கள். அடைத்துவிட்டுப் பகிரங்கமாகக் கோபப்பட்டார்கள். கோடி கோடியாகச் சம்பாதிக்கும் நிறுவனம் இயந்திரத்தை வைத்து ஓட்டை தேடும், அறிக்கை அனுப்பும், கெடு வைக்கும். சம்பளமில்லாத ஆள் ராத்திரி உட்கார்ந்து அடைக்க வேண்டுமா? ஒன்று திருத்தத்தையும் சேர்த்து அனுப்பு, இல்லை காசு கொடு. இது அவர்கள் வாதம். எதிர் வாதத்தையும் தள்ள முடியாது: யாரும் சொல்லாவிட்டாலும் ஓட்டை அங்கேதான் இருக்கும், பழைய விளையாட்டின் கோடெக் என்பது தாக்குகிறவனுக்கு ஒரு பொருட்டல்ல. ஜேபிக்2-வும் மறக்கப்பட்ட ஃபேக்ஸ் தாளின் மொழிதானே?

அப்படியானால் பழைய கோடெக்குகளையெல்லாம் வெட்டி எறிந்துவிடலாமே என்று பாதுகாப்புத் தரப்பில் ஒரு யோசனை உண்டு. பயன்படாத நிரலைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவைப்பது நியாயம். ஆனால் வாசகனையே கொன்றுவிட்டால், அந்தக் கோடெக்கில் எழுதப்பட்டவை எல்லாம் வெறும் பைட் குப்பை. வட்டெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆட்கள் அருகிப்போனபோது கல்வெட்டுகள் என்னவாக நின்றன என்பதை அறிந்த சமூகம் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. எந்த நிறுவனத்துக்கும் லாபம் தராத பழைய எழுத்துகளை வாசிக்கும் திறனை, காசு வாங்காமல் சிலர் காப்பாற்றி வருகிறார்கள். அதை அவர்களுடைய குற்றமாக மாற்றுவதில் ஓர் அநியாயம் இருக்கிறது.

5

ஆக, ஓட்டை எங்கே இருக்கிறது? ஒரு கூட்டல் வரியில் இருக்கிறது என்பது உண்மை. எழுதியவனை நம்பும்படி, வேகத்துக்காகவும் செலவு மிச்சத்துக்காகவும் வாசகன் கட்டப்பட்டிருக்கிறான் என்பதிலும், அவன் நம்மைக் கேட்காமல் நமக்காக வாசிக்கிறான் என்பதிலும் அந்த வரியின் காரணம் இருக்கிறது. நம்பிக்கையின் லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு.

2015-க்குப் பிறகு பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. கூகுள் அந்த ஆகஸ்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் திருத்த அறிக்கை வெளியிடத் தொடங்கியது. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7, வீடியோ வாசிக்கும் நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, வாசிக்கிறவன் கையில் கேமரா இல்லாமல் செய்தது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, மென்பொருள் கோடெக்குகளைத் தனி அறைக்குள் அடைத்தது. 2022-இல் ஆப்பிள் தந்த 'லாக்டவுன்' முறை, குறுஞ்செய்தியோடு வரும் பெரும்பாலான இணைப்புகளைத் தடுத்துவிடுகிறது. வாசிக்காமல் இருக்கும் உரிமையை அது திருப்பித் தருகிறது என்று சொல்லலாம். கூரையைத் தாண்டும் எண்ணையும் எல்லை தாண்டும் எழுத்தையும் பிடித்து நிறுத்துகிற மொழிகளில் டீகோடர்களைத் திரும்ப எழுதும் வேலையும் நடக்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: வாசகனுக்குச் சந்தேகப்படக் கற்றுக்கொடு, முடியாவிட்டால் அவன் கையில் சாவியைக் கொடுக்காதே.

ஆனால் சந்தேகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பங்கிடப்படவில்லை. கூகுளின் மூல நிரலில் இரண்டு நாளில் ஏறிய திருத்தம், சில்லு செய்பவர், செல்பேசி செய்பவர், சேவை தருபவர் என்று பல கை மாறித்தான் ஒரு செல்பேசிக்குள் வந்து சேர முடியும். விலை உயர்ந்த செல்பேசிகளுக்கு வந்தது. விற்றவுடனே தயாரித்தவர் மறந்துபோன மலிவுச் செல்பேசிகள் பலவற்றுக்கு வரவேயில்லை. அவை உடையும்வரை அதே நம்பிக்கையோடு, வந்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தன. உளவு நிறுவனத்துக்கு ஓர் ஓட்டையை விற்றால் பெருந்தொகை கிடைக்கிறது, அடைப்பவனுக்குப் பெரும்பாலும் நன்றிகூடக் கிடைப்பதில்லை என்கிற நிலைமையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். விற்ற செல்பேசிக்கு எத்தனை ஆண்டு திருத்தம் தருவாய் என்று செய்பவரிடமும், யாருடைய உழைப்பின்மேல் உன் வீடியோ ஓடுகிறது, அவருக்கு என்ன கொடுத்தாய் என்று பெருநிறுவனத்திடமும், எங்கள் வாசகனை விலைக்கு வாங்கினாயா என்று அரசிடமும் கேட்பதற்குக் கணினி அறிவு தேவையில்லை. யார், யாருக்காக, யார் செலவில் வாசிக்கிறார்கள் என்பது பழைய கேள்விதான். அதை இனி இயந்திரங்களைப் பற்றியும் கேட்டாக வேண்டும்.